பதினேழாம் எண் படிவம்

பாதியில் நின்ற படிப்பை நடுவயதில் தொடர நினைப்பவருக்கு வாசல்கள் பல உண்டு. எந்த வாசல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

புனேக்கு வடமேற்கே, முளா நதியும் பவனா நதியும் சேரும் முனையை ஒட்டி இருக்கிறது சாங்வி. ஒரு காலத்தில் ஆற்றங்கரைக் கிராமம். இன்று பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சிக்குள் பழைய சாங்வி, புதிய சாங்வி என்று இரண்டு பேட்டைகள். காலையில் ஹிஞ்சவடியின் கணினி நிறுவனங்களை நோக்கிப் புறப்படும் கூட்டம் இங்கிருந்தும் கிளம்புகிறது. அந்தக் கூட்டத்தின் வீடுகளில் பாத்திரம் தேய்க்கவும், அடுக்ககங்களின் வாசலில் காவல் நிற்கவும், கார் ஓட்டவும் போகிறவர்களும் இதே சந்துகளிலிருந்துதான் கிளம்புகிறார்கள். விதர்பா, மராத்வாடா, வடகர்நாடகம் என்று பல திசைகளிலிருந்து புனேக்குப் பிழைக்க வந்தவர்கள். ஆற்றுக்கு அக்கரையில் கட்கியின் வெடிமருந்துத் தொழிற்சாலை 1869லிருந்தும், பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் 1954லிருந்தும் ஆட்களை இழுத்துவந்த வட்டாரம் இது. புனேயில் தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றியதும் இப்படிப்பட்ட பிழைப்பைத் தேடித்தான்.

அலுவலகத்துக்குப் போகிறவருக்கும் அவர் காரை ஓட்டுகிறவருக்கும் இடையிலுள்ள வித்தியாசம் பல சமயம் ஒரே ஒரு தாளில் தொடங்குகிறது: பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அந்தத் தாளைப் பிற்பாடு வாங்க மகாராஷ்டிரத்தில் இருக்கும் பழைய வழிக்குப் பெயர் 'சத்ரா நம்பர் ஃபார்ம்', அதாவது பதினேழாம் எண் படிவம். பள்ளிக்குப் போகாமலே தனித்தேர்வராக எஸ்.எஸ்.சி. தேர்வோ பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வோ எழுத விரும்புகிறவர் மாநிலத் தேர்வு வாரியத்துக்கு நிரப்பித் தரவேண்டிய படிவம் அது. மராத்தியில் இந்த எண் ஒரு வழக்குச் சொல்லாகவே ஆகிவிட்டது. "சத்ரா நம்பர் போட்டிருக்கிறேன்" என்று சொன்னால் போதும், வேறு விளக்கம் தேவையில்லை. தமிழ்நாட்டில் 'பிரைவேட்டாக எழுதுகிறேன்' என்பதற்கு இணையானது.

பத்தாம் வகுப்பு இல்லாவிட்டால் என்ன குடிமுழுகிப் போகிறது என்று கேட்கலாம். குடி முழுகாது, ஆனால் வழியில் அங்கங்கே மறிக்கும். சரக்கு வாகனமோ வாடகைக் காரோ ஓட்ட உரிமம் வாங்க எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தது. பிரேக் பிடிப்பதற்கும் எட்டாம் வகுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று அரசுக்கே தோன்றியதோ என்னவோ, 2019ல்தான் அது நீக்கப்பட்டது. பாஸ்போர்ட்டில் இன்னொரு மறிப்பு. வளைகுடா நாடுகள், மலேசியா உட்படப் பதினெட்டு நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது, பத்தாம் வகுப்புத் தேறாதவர் குடிபெயர்வு அதிகாரியிடம் தனியாக அனுமதி பெறவேண்டும். தேறியவருக்கு அந்தச் சோதனை இல்லை. தமிழ்நாட்டில் கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் பணிகளுக்கான குரூப் 4 தேர்வை எழுதக் குறைந்தபட்சத் தகுதி எஸ்.எஸ்.எல்.சி. ஹரியானாவில் 2015ல் இன்னும் ஒரு படி மேலே போய், பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்க ஆண்கள் பத்தாம் வகுப்பும் பெண்கள் எட்டாம் வகுப்பும் தேறியிருக்க வேண்டும் என்று சட்டமே கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைச் சரியென்று ஏற்றது. ஓட்டுப் போடப் படிப்பு வேண்டாம், ஓட்டுக் கேட்க வேண்டும்.

படிக்கிற வயதில் படித்திருக்கலாமே என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. ஆறு முதல் பதினான்கு வயது வரை கட்டாய இலவசக் கல்வி என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1 அன்று. இன்று முப்பத்தைந்து வயதைத் தாண்டிய எவரும் அந்தச் சட்டத்தின் நிழலில் வளர்ந்தவர் அல்லர். அவர்களுடைய பள்ளி நாட்களில், கரும்பு வெட்டப் போன பெற்றோரோடு மூட்டை கட்டிக்கொண்டு போன பிள்ளையை, தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்திய பெண்ணைத் திரும்ப வகுப்புக்கு அனுப்பும் சட்டக் கடமை யாருக்கும் இருக்கவில்லை. மும்பையிலேயே மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகள் பல நெடுங்காலம் ஏழாம் வகுப்போடு முடிந்தன. அதற்குமேல் படிக்க வேண்டுமானால் மொழி மாற வேண்டும். மாற முடியாதவர் வேலைக்குப் போனார்.

இப்படி விட்டுப்போனவர்களுக்காக அரசு செய்த பெரிய முயற்சி 1978 அக்டோபர் 2 அன்று தொடங்கிய தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம். அது குறிவைத்தது 15 முதல் 35 வயதுக்காரர்களை. தமிழில் அதற்கு வழங்கிய பெயர் 'முதியோர் கல்வி'. மீசை அரும்பாத பதினைந்து வயதுப் பையனையும் கைக்குழந்தைக்காரியையும் 'முதியோர்' என்று கூப்பிட்டு, அரிக்கேன் விளக்கடியில் உட்காரச் சொன்னது அது. வராதவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

அடுத்து வந்த அறிவொளி இயக்கம் வேறு மாதிரி. 1991ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, எழுத்தோடு சைக்கிளும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார்கள். கல்குவாரிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளில் ஏறியது அந்த மாவட்டத்தின் முகத்தையே மாற்றியது. எழுத்தறிவு இயக்கங்களில் இன்றும் எடுத்துச் சொல்லத் தகுந்தது அதுதான். ஆனால் அறிவொளி கொடுத்தது எழுத்தை, சான்றிதழை அல்ல. கையெழுத்துப் போடக் கற்றவர், பெயர்ப்பலகை படித்துப் பஸ் ஏறக் கற்றவர், அடுத்த படியாகப் பத்தாம் வகுப்பை நோக்கிப் போக வேண்டும் என்றால் அங்கே ஏணி இல்லை. 2022ல் தொடங்கி 2027 வரை நடக்கும் 'உல்லாஸ்' என்னும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் பெரும்பாலும் முதல் படியில்தான் நிற்கிறது. எழுத்தே தெரியாதவருக்குத் திட்டம் உண்டு. கல்லூரிப் படிப்பை விட்டவருக்குத் தொலைநிலைக் கல்வி உண்டு. ஏழாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு என்று நடுவில் நின்றவர்களைப் பற்றி எந்தத் திட்டமும் அதிகம் பேசுவதில்லை. சாங்வி போன்ற இடங்களில் அதிகம் இருப்பவர்களோ அவர்கள்தான்.

பத்திரிகைகளும் இதில் நிரபராதிகள் அல்ல. கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தில் 2018ல் 96 வயது கார்த்தியாயனி அம்மா எழுத்தறிவுத் தேர்வில் நூற்றுக்கு 98 வாங்கியது நாடு முழுவதும் செய்தியானது. மகாராஷ்டிரத்தில் தாணே மாவட்டம் ஃபாங்கணே கிராமத்தில் 2016 மகளிர் தினத்தன்று தொடங்கிய பாட்டிகள் பள்ளிக்கு, இளஞ்சிவப்புச் சேலைச் சீருடையைப் படம் பிடிக்க வெளிநாட்டுக் கேமராக்கள் வந்தன. இரண்டுமே மகிழ்ச்சியான செய்திகள்தாம். ஆனால் கேமராவுக்குத் தொண்ணூறு வயது பிடிக்கிற அளவுக்கு முப்பத்தெட்டு வயது பிடிப்பதில்லை. தொண்ணூறு வயதுக்காரர் சான்றிதழை வைத்து வேலை கேட்கப் போவதில்லை. முப்பத்தெட்டு வயதுக்காரர் கேட்பார். இல்லையென்றால் ஏன் இல்லை என்றும் கேட்பார்.

வேடிக்கை என்னவென்றால், பெரியவர்கள் படிக்கத் திரும்புவதற்கு இந்தியாவிலேயே மிகப் பழைய முகவரிகளில் ஒன்று இந்தப் புனேதான். ஜோதிராவ் புலேயே படிப்பு நின்று திரும்பியவர். சில ஆண்டுகள் பள்ளிக்குப் போனபின் தந்தை அவரை நிறுத்தி வயல் வேலைக்கு அனுப்பினார். அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் எடுத்துச் சொன்னதன் பேரில் 1841ல் ஸ்காட்டிஷ் மிஷன் பள்ளியில் மறுபடி சேர்ந்து 1847ல் முடித்தார். மனைவி சாவித்ரிபாய் எழுத்துக் கற்றதே கல்யாணத்துக்குப் பிறகு. இருவரும் 1848ல் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியதைப் பாடநூல்கள் சொல்கின்றன. 1855ல் உழவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் இரவுப் பள்ளி நடத்தியதை அந்த அளவுக்குச் சொல்வதில்லை. பகலில் கூலிக்குப் போகிறவன் பகலில் படிக்க முடியாது என்ற சாதாரண உண்மையை மதித்து நேரத்தை மாற்றிய பள்ளி அது.

தோண்டோ கேசவ் கர்வேயின் கதை இன்னும் சுவையானது. கொங்கணத்து முருடிலிருந்து, ஆறாம் வகுப்புத் தேர்வு எழுத, கொட்டும் மழையில் மலை ஏறி நூறு மைலுக்கு மேல் நடந்து சாதாராவுக்குப் போனார். தேர்வெழுதக் குறைந்தது பதினேழு வயது ஆகியிருக்க வேண்டும். பையனைப் பார்த்த அதிகாரி, பதினேழு ஆனவன் மாதிரி தெரியவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். கர்வே மெட்ரிக் தேறியபோது வயது 23. அந்த மனிதர்தான் பின்னாளில் ஃபெர்குசன் கல்லூரியில் கணிதப் பேராசிரியராகி, 1893ல் கைம்பெண்ணான கோதுபாயை மணந்து, 1896ல் கைம்பெண்களுக்கு இல்லம் தொடங்கி, பிறகு அதை ஹிங்கணேக்கு மாற்றி, 1916ல் பெண்கள் பல்கலைக்கழகமும் கண்டவர். நூறு வயதில், 1958ல், பாரத ரத்னா கொடுத்தார்கள். வயதைக் காரணம் காட்டி அன்று மறுக்கப்பட்டவருக்கு வயது ஒரு தடையே ஆகவில்லை.

கோதுபாயின் தங்கை பார்வதிபாய் ஆடவலேயின் வாழ்க்கை சாங்விக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது. 1870ல் பிறந்தவர். இருபது வயதில் கணவரை இழந்தார், கையில் ஒரு மகன். கர்வே தூண்டியதால், மற்றவர்கள் பேரப்பிள்ளைகளைப் பற்றி யோசிக்கத் தொடங்கும் வயதை நெருங்கும்போது எழுத்துக் கற்று, ஆசிரியப் பயிற்சி முடித்து, ஹிங்கணே இல்லத்தின் தூண்களில் ஒருவரானார். நிதி திரட்ட ஊர் ஊராகப் போனார். ஆங்கிலம் தெரியாதது உறுத்தியது. ஐம்பதை நெருங்கும் வயதில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அங்கே வீட்டு வேலை செய்துகொண்டே ஆங்கிலம் கற்றார். தன் கதையை மராத்தியில் எழுதியும் வைத்தார். அது ஆங்கிலத்திலும் வந்தது. நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க அடுப்படியில் நின்றுகொண்டு பாடம் படித்த அந்தப் பெண்மணி, ஔந்த் அடுக்ககங்களில் வேலை முடித்துத் திரும்பும் பெண்களுக்கு அந்நியர் அல்லர். ஒன்று மட்டும் வித்தியாசம்: பார்வதிபாய்க்குப் பின்னால் ஹிங்கணே என்ற ஒரு நிறுவனம் இருந்தது. தங்க இடம், சோறு, மகனுக்குப் படிப்பு. கர்வேயும், 1909ல் புனே சேவாசதனை நிறுவிய ரமாபாய் ரானடேயும் பெண்களுக்குப் பாடத்தை மட்டும் கொடுக்கவில்லை. படிக்க முடிகிற ஒரு நாளைக் கொடுத்தார்கள்.

சென்னையிலும் இதற்கு ஈடான கதைகள் உண்டு. சகோதரி சுப்புலட்சுமி பிள்ளைப் பருவத்திலேயே கைம்பெண்ணாகி, 1911ல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. தேறியவர். இளம் கைம்பெண்களுக்கு நடத்திய இல்லத்தில் வயது கடந்தவர்களைச் சேர்க்க முடியாத நிலை. அவர்களுக்காகவே 1927ல் சாரதா வித்யாலயம் வந்தது.

துர்காபாய் தேஷ்முக்கின் பங்கு இதைவிட நேரடியானது. 1909ல் ராஜமந்திரியில் பிறந்தவர். ஆங்கிலவழிப் படிப்பை எதிர்த்துச் சிறுமியாகவே பள்ளியை விட்டு வந்தார். எட்டு வயதில் நடந்த கல்யாணத்தையும் பிற்பாடு உதறினார். சுதந்திரப் போராட்டத்தில் சிறை. மதுரைச் சிறையும் அதில் ஒன்று. வெளியே வந்தபோது கையில் சான்றிதழ் என்று எதுவும் இல்லை. வீட்டிலிருந்தே படித்து பனாரஸ் ஹிந்து பல்கலைக்கழகத்தின் மெட்ரிக் தேர்வை எழுதினார். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ., சென்னையில் 1942ல் சட்டப் பட்டம். பிறகு அரசியல் நிர்ணய சபை. மயிலாப்பூரில் தன்னைப் போலவே படிப்பை விட்ட பெண்களை பனாரஸ் மெட்ரிக் தேர்வுக்குத் தயார் செய்ததில்தான் ஆந்திர மகிளா சபா முளைவிட்டது. 1953ல் அமைந்த மத்திய சமூகநல வாரியத்தின் முதல் தலைவரானபோது அந்த அனுபவம் கைகொடுத்தது. 1958ல் வாரியம் 'சுருக்கப் படிப்பு' என்ற திட்டத்தைத் தொடங்கியது. வயது வந்த பெண்கள், பிள்ளைகளுக்கு ஆண்டுக்கணக்கில் நடத்தும் பாடத்தை இரண்டு ஆண்டுகளில் படித்துத் தேர்வெழுதலாம். ஆசிரியைகள், செவிலியர்கள், கிராம சேவிகைகள் என்று பல்லாயிரம் பெண்கள் நாடு முழுவதும் அந்த வழியாக வந்தார்கள். தானே தடுக்கி விழுந்த இடத்தில் ஒருவர் படிக்கட்டு கட்டியது அது. சமூகநலத் திட்டங்களில் இப்படி அமைவது அபூர்வம்.

இன்று சாங்வியில் ஒருவர் புத்தகத்தைக் கையில் எடுத்தால் என்ன வழி? இரவுப் பள்ளி என்றால் புனே நகருக்குள், பாஜிராவ் சாலைப் பக்கம் 'பூனா நைட் ஹைஸ்கூல்' போன்ற பழைய பெயர்கள் இருக்கின்றன. ஆனால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் பஸ்ஸில் போய், இரவு திரும்பி, மறுநாள் ஆறு மணிக்கு வேலைக்கு எழுந்திருக்க வேண்டும். சத்ரா நம்பரில் அலைச்சல் குறைவு. ஆனால் பள்ளி மாணவர் எழுதும் அதே தேர்வு, அதே கணக்கு, அதே விஞ்ஞானம். பள்ளியை விட்டு இருபது ஆண்டு ஆனவரை அல்ஜீப்ரா பழிவாங்கும்.

அதற்கு மாற்றாகத்தான் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. 1979ல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் சிறு முயற்சியாகத் தொடங்கி, 1989ல் தனி நிறுவனமாகி, 2002ல் இப்போதைய பெயரைப் பெற்றது. புனேயிலேயே மண்டல அலுவலகம் உண்டு. பத்தாம் வகுப்புக்குப் பதினான்கு வயது நிறைந்திருக்க வேண்டும். மேல் எல்லை கிடையாது. ஐந்து பாடம் போதும். அவற்றைத் தானே தேர்ந்தெடுக்கலாம். கணக்கு கட்டாயமில்லை; மனையியலோ, ஓவியமோ, கணினியில் தரவு உள்ளிடுதலோ எடுத்துக்கொள்ளலாம். எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுதவேண்டியதில்லை. ஐந்து ஆண்டுகளில், ஒன்பது வாய்ப்புகளில், ஒவ்வொன்றாகத் தேறி மதிப்பெண்ணைச் சேர்த்துவைக்கலாம். இந்த மாதம் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அடுத்த தேர்வு ஆறு மாதத்தில் வரும். பத்தாம் வகுப்பைத் தமிழிலும் எழுதலாம் என்பது பெரும்பாலான தமிழர்களுக்குத் தெரியாத சலுகை. புனேயில் பிறந்து மராத்தி பேசி, வீட்டில் தமிழ் படித்தவருக்கு இது பெரிய வசதி.

கணக்கை விட்டுவிடும் சலுகைக்கு ஒரு விலையும் உண்டு. பின்னால் ஐ.டி.ஐ.யில் தொழில் படிக்கவோ, கணக்கு கேட்கும் வேலைக்கு விண்ணப்பிக்கவோ நினைத்தால் அப்போது அது உறுத்தும். எதற்காகப் படிக்கிறோம் என்று முன்பே தெரிந்தால்தான் எந்த ஐந்து பாடம் என்று முடிவு செய்ய முடியும். அதைச் சொல்லித் தரும் ஆள்தான் இந்த ஏற்பாட்டில் விட்டுப்போன கண்ணி.

அடுத்த கட்டத்தில் அந்தக் குறை உயிரை எடுக்கிறது. திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்ற எண்ணம் பிரிட்டனில் 1971ல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியது. பத்தாண்டு கழித்து இந்தியாவுக்கு வந்தது. 1982ல் ஹைதராபாத்தில் ஜி.ராம் ரெட்டியின் தலைமையில் ஆந்திரப் பிரதேசத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 1985ல் தில்லியில் இந்திரா காந்தி பல்கலைக்கழகம், 1989ல் நாசிக்கில் யஷ்வந்த்ராவ் சவாண் பல்கலைக்கழகம். நாசிக் பல்கலைக்கழகத்தின் முழக்கம் 'ஞானகங்கை வீடுதோறும்'. பன்னிரண்டாம் வகுப்புத் தேறாதவர்களுக்காக அது நடத்திய 'பூர்வதயாரி' என்ற ஆயத்தப் படிப்பு மகாராஷ்டிரத்தில் ஏராளமான போலீஸ்காரர்களையும் இல்லத்தரசிகளையும் பட்டதாரிகளாக்கியது. அன்றைக்கு விதியும் இதற்கு இடம் கொடுத்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 1985ஆம் ஆண்டு ஒழுங்குவிதி, பள்ளிப் படிப்பே இல்லாதவரும் 21 வயதாகி, பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுத் தேர்வில் தேறினால் தொலைநிலையில் பட்டப்படிப்பில் சேரலாம் என்று சொன்னது.

தமிழ்நாட்டிலும் அந்த வாசல் விரியத் திறந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் திறந்தநிலை முறையில், இளநிலைப் பட்டம் இல்லாமலே நேரடியாக எம்.ஏ. எழுதலாம் என்று இருந்தது. சுவரொட்டிகளில் 'நேரடி எம்.ஏ.' என்ற சொற்கள் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு தென்பட்டன. இப்படிப்பட்ட ஒரு எம்.ஏ. செல்லுமா என்ற வழக்கு, சென்னையில் அரசின் திரைப்படப் பயிற்சி நிறுவன முதல்வர் பதவியை முன்னிட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2009 பிப்ரவரியில் தீர்ப்பு: அடிப்படைப் பட்டம் இல்லாமல் வாங்கிய முதுநிலைப் பட்டம் அந்தப் பதவிக்குத் தகுதி ஆகாது. அதே ஆண்டு ஆகஸ்ட் 18 அன்று தமிழக அரசின் பணியாளர் துறை 107ஆம் எண் அரசாணையைப் பிறப்பித்தது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தேறாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம் அரசு வேலைக்கோ பதவி உயர்வுக்கோ செல்லாது என்பது அதன் சாரம்.

உள்ளே போகும்போது யாரும் எதுவும் கேட்கவில்லை. வெளியே வரும்போது எல்லாவற்றையும் கேட்டார்கள். பணம் கட்டி, ஞாயிற்றுக்கிழமைகளைத் துறந்து, தேர்வெழுதிப் பட்டம் வாங்கிய பிறகு, 'அதற்குக் கீழே என்ன இருக்கிறது?' என்ற கேள்வி. இதில் சட்டத்தைக் குறை சொல்வது சுலபம். ஆனால் நீதிமன்றம் விதியைத்தான் படித்தது. அநியாயம் வேறு இடத்தில் நடந்தது. விண்ணப்பம் வாங்கிய மேசையில் இருந்தவர்கள், இந்தப் பட்டம் எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கலாம். கட்டணத்தைப் பெற்றுக்கொண்டவர்களுக்கு அந்த வரி தேவைப்படவில்லை.

அதனால்தான் நடுவயதில் படிக்க வருகிறவருக்கு நீண்ட வழியே குறுக்குவழி என்று ஆகிவிடுகிறது. முதலில் பத்து, பிறகு பன்னிரண்டு, அதன்பின் பட்டம். முப்பத்தைந்தில் தொடங்கினால் நாற்பத்திரண்டோ நாற்பத்து மூன்றோ ஆகும். அந்த வயதில் பெரும்பாலான அரசு வேலைகளின் வயது வரம்பு கடந்திருக்கும் என்பது இன்னொரு வேடிக்கை. தகுதி வரும்போது வயது போய்விடுகிறது. அப்படியும் எழுதுகிறவர்கள் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சிலருக்குப் பாஸ்போர்ட், சிலருக்கு வேலையில் அடுத்த நிலை, சிலருக்குப் பிள்ளையின் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் 'தாயின் கல்வித் தகுதி' என்ற கட்டத்தில் எழுத ஏதாவது.

இவர்களைக் குறிவைக்கும் வியாபாரமும் ஓய்வதில்லை. ஒரே ஆண்டில் பத்தும் பன்னிரண்டும், தேர்வுக்கு வராமலே சான்றிதழ் என்று விளம்பரம் செய்கிறவர்கள் எல்லா ஊர்களிலும் உண்டு. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை மானியக் குழு அவ்வப்போது வெளியிடுகிறது. பட்டியல் நீள்வதும் குறைவதுமாக இருக்கிறது. அந்தப் பட்டியலைத் தேடிப் பார்க்கத் தெரிந்தவர் ஏமாறுவதில்லை. ஏமாறுகிறவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

ஆனால் சத்ரா நம்பர் போடும் முதல் நாளில் எதிர்ப்படும் தடை இவை எதுவும் இல்லை. படிவத்தோடு பழைய பள்ளியின் 'தாக்லா' வேண்டும்: பள்ளியை விட்டதற்கான சான்று, ஆங்கிலத்தில் எல்.சி., தமிழ்நாட்டில் டி.சி. அசல் இல்லையென்றால் நகல், அதோடு உறுதிமொழிப் பத்திரம். அந்தப் பள்ளி விதர்பாவிலோ குல்பர்காவிலோ திருநெல்வேலியிலோ இருக்கும். கூலியை விட்டு, ரயிலேறிப் போய், தலைமையாசிரியரைப் பார்த்து, இருபத்தைந்து ஆண்டுப் பதிவேட்டில் பெயரைத் தேடச் சொல்ல வேண்டும். பதிவேட்டில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகாது. கல்யாணத்துக்குப் பிறகு பெயரே மாறிய பெண்களுக்கு இன்னொரு பத்திரம். வாங்கி வைத்திருந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. 2019 ஆகஸ்டில் அணைகள் திறந்து முளா பெருகியபோது பழைய சாங்வியின் தாழ்வான வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. 2024 ஜூலையிலும் அப்படியே. தகரப் பெட்டியில் வைத்த காகிதத்தை வெள்ளம் விட்டுவைப்பதில்லை.

அலைந்து திரிந்து கிடைக்கும் அந்தத் தாளில் பெயர், தாய் பெயர், மதம், சாதி, பிறந்த தேதி, எழுத்தாலும் எண்ணாலும், படிப்பில் முன்னேற்றம், நடத்தை என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். கீழே ஒரு கட்டம்: பள்ளியை விட்டதன் காரணம். அங்கே கரும்பு வெட்டு, தம்பி, கல்யாணம், கடன் என்று யாரும் எழுதுவதில்லை. வழக்கமாக இருப்பது ஒரே தொடர்: 'பெற்றோரின் வேண்டுகோளின்படி.'